கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்: சென்னைக்குப் புதிதாக வந்த ஓர் ஆய்வாளரின் மதிப்பீடு

சென்னையில் உள்ள ஏதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்து வேற்றூரிலிருந்து குடிபெயர்ந்து வருபவர்கள், வீடும் குடிநீரும் எரிவாயு இணைப்பும் அமைந்த கையோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம் என்பது என் உறுதியான கருத்து. நிலத்தடி நீரின் வேதியியல் என் துறை. ஐதராபாத்தில் பாறைப் பிளவுகளில் தேங்கும் நீரைப் பற்றிப் பல ஆண்டுகள் வேலை பார்த்தபின், கடலோர மணற்படுகைகளில் உள்ள நீரை ஆராய்வதற்காகத் தரமணிப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தவிர, துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகவும் நீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவந்தேன். இந்த நூலகத்தில் உட்காரத் தொடங்கிய பிறகு, அந்த எழுத்தை யாருக்காக, எந்த மொழியில் எழுதுவது, எங்கிருந்து தொடங்குவது என்பதை முதலிலிருந்தே யோசிக்க வேண்டியதாயிற்று. ஆகவே நூலகத்தின் வசதிகளை மதிப்பிடும்போது, பொதுமக்களுக்கு எழுத விரும்பும் ஓர் அறிவியலாளருக்கு அது எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2010இல், இந்த நூலகம் திறக்கப்பட்டது. எட்டு ஏக்கர் நிலப்பரப்பில் தரைத்தளத்தையும் சேர்த்து ஒன்பது தளங்களாக எழுந்து நிற்கும் இக்கட்டடம், 12 லட்சம் நூல்களை வைப்பதற்கும் 1,250 பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து படிப்பதற்கும் ஏற்றவாறு திட்டமிடப்பட்டது. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தங்கச் சான்றும் இதற்கு உண்டு. உள்ளே நுழையக் கட்டணம் எதுவும் இல்லை. முகப்பின் கண்ணாடி வழியாக வரும் பகல் வெளிச்சம் வாசிப்பு மேசைகள்வரை எட்டுகிறது. நாற்காலிகள் நெடுநேரம் உட்கார்ந்தாலும் முதுகை வருத்தாதவை. மின்தூக்கிகள் இருப்பதால் முதியவர்களும் எல்லாத் தளங்களுக்கும் போய்வருகிறார்கள். பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்திருப்பது இதைத் திட்டமிட்டவர்களின் அக்கறையைக் காட்டுகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்காகவும் அவர்களைப் பாராட்ட வேண்டும். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் ஆகிய அனைத்தும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. தரமணியிலிருந்து வருபவர்களுக்குப் பறக்கும் ரயில்தான் மிக எளிய வழி: திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர் ஆகியவற்றைக் கடந்தால் கோட்டூர்புரம் நிலையம் வந்துவிடும், அங்கிருந்து நடந்துவிடலாம். நீரைப் படிப்பவர்கள் இந்தப் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் செல்கிறது. தண்டவாளத்தைத் தாங்கும் தூண்கள் பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் சென்ற நீர்வழியின் இன்றைய நிலையை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இனி நூல்களுக்கு வருகிறேன். நூலகம் தளவாரியாகப் பாடங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், புவி அறிவியல்கள், உயிரியல், மருத்துவம் ஆகியவை ஐந்தாம் தளத்தில் இருக்கின்றன. பொறியியலும் வேளாண்மையும் ஆறாம் தளத்தில். பொருளியல், சட்டம், பொது நிர்வாகம் ஆகியவை நான்காம் தளத்தில். வரலாறும் புவியியலும் ஏழாம் தளத்தில். ஒரு துறையில் மட்டும் நிற்பவருக்கு இந்த அமைப்பு மிகவும் வசதியானது. நிலத்தடி நீரைப் படிப்பவரோ இங்கே மாடிமாடியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். பாறையும் மணலும் நீரை எப்படித் தேக்குகின்றன என்பது ஐந்தாம் தளத்துச் சேதி. ஆழ்துளைக் கிணற்றையும் மோட்டாரையும் தடுப்பணையையும் பற்றிப் படிக்க ஆறாம் தளத்துக்குப் போக வேண்டும். ஒருவர் தம் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமா என்ற கேள்வி நான்காம் தளத்தில் சட்ட நூல்களுக்கு நடுவே கிடக்கிறது. இந்த நகரத்தின் ஏரிகள் எங்கே இருந்தன, எப்போது குடியிருப்புகளாயின என்பதற்கு ஏழாம் தளம்.

இது நூலகத்தின் குறையன்று. உலகெங்கும் நூல்களை இப்படித்தான் பகுக்கிறார்கள். எனினும், ஒரு பிற்பகல் முழுவதும் ஒரே பொருளைத் தேடி நான்கு தளங்களுக்கும் போய்வந்தபோது, பொதுவாசகருக்காக நான் எழுதிவந்தவை எல்லாம் ஐந்தாம் தளத்து எழுத்துகளாக இருந்தது எனக்கு விளங்கிற்று. கிணற்று நீர் உப்பாகிவிட்ட குடும்பத்துக்கு வேதியியலும் மோட்டாரும் சட்டமும் ஊர் வரலாறும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. அவர்களுடைய கேள்வி எந்தத் தளத்திலும் முழுமையாக அடங்குவதில்லை. அவற்றைச் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு எழுதுபவருக்குத்தான் இருக்கிறது.

இந்த எண்ணத்தை வலுப்படுத்தியது இரண்டாம் தளம். அது முழுவதும் தமிழ் நூல்களுக்கானது. நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. ஆங்கில நூல்கள் பாடவாரியாக வெவ்வேறு மாடிகளுக்குப் பிரிந்துபோக, தமிழ் நூல்கள் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சங்க இலக்கிய உரைகளையும் நாவல்களையும் தேடி வருபவர், கொஞ்ச தூரம் நடந்தாலே சித்த மருத்துவத்தையும் வேளாண்மையையும் வானியலையும் கண்டுவிடுவார். கவிதை வாசிக்க வந்த ஒருவரின் கண்ணில் அறிவியல் நூல் ஒன்று தானாகப் படுவதற்கான வாய்ப்பு இந்தத் தளத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் பொது அறிவியல் நூல் பெரும்பாலும் ஏற்கெனவே அறிவியலில் ஆர்வம் கொண்டு ஐந்தாம் தளத்துக்கு ஏறி வந்தவரையே சேர்கிறது. தமிழில் எழுதப்படுவதோ எல்லோரும் நடமாடும் இடத்தில் வைக்கப்படுகிறது. எழுத்து எந்த அலமாரியில் போய் உட்காரும் என்பதை எழுதுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது இங்கேதான்.

தமிழில் அறிவியல் எழுதுவது புதிய முயற்சியும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கி, அம்மொழியிலேயே மாணவர்களைப் பயிற்றுவித்தார். வழக்கறிஞரான பெ. நா. அப்புஸ்வாமி பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியலை எழுதினார். பெரியசாமித் தூரனின் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தில், அன்றைய பேராசிரியர்கள் தத்தம் துறையைத் தமிழில் எழுதித் தந்தார்கள். 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கிய துளிர் இதழ் சிறுவர்களுக்கு அறிவியலைக் கொண்டுசேர்த்தது. இத்தனை உழைப்புக்குப் பிறகும், கடலோர நிலத்தடி நீர் போன்ற ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றி, ஆய்வில் ஈடுபட்டிருப்பவர் தம் கைப்படத் தமிழில் எழுதிய நூலைத் தேடினால் கிடைப்பது அரிது. நூலகம் வாங்கி வைப்பதற்கு முதலில் யாரேனும் எழுத வேண்டும். அந்தக் கடமை என்னைப் போன்றவர்களுடையது.

சொந்தப் புத்தகங்களோடு வருபவர்களுக்கெனத் தரைத்தளத்தில் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்களே அங்கு மிகுதி. வீட்டில் தனி அறையோ அமைதியோ இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் வெளிச்சமும் நாள் முழுவதும் இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கே ஒரு மணி நேரம் இருந்து பார்த்தாலே உணரலாம். நூலகத்தின் மற்ற எல்லாத் தளங்களையும் மூடிவிட்டு இந்த ஒரு பிரிவை மட்டும் நடத்தினாலும் அரசு செய்த செலவு தகும் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. சிற்றுண்டிக் கூடத்தில் தேநீர் வேளையில் பேச்சு தொடங்கினால், அவர்கள் கேட்கும் கேள்விகள் நம்மை வெகுநேரம் யோசிக்க வைக்கின்றன. பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, நான் நீரைப் பற்றி வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் கேட்டாள்: "மேடம், எங்க ஊர்ப் பக்கம் கிணத்துத் தண்ணி எங்க தாத்தா காலத்துலயே உப்பாயிடுச்சுன்னு சொல்வாங்க. நடுவுல எத்தனையோ வருஷம் நல்ல மழை பேஞ்சிருக்கு. அப்புறமும் ஏன் அது நல்ல தண்ணியா மாறல?" நான் சொல்லிக்கொண்டே வந்தேன், அவள் குறிப்பெடுத்தாள். முடித்ததும், "இதைத் தமிழ்ல எங்க படிக்கலாம் மேடம்?" என்றாள். "நானே எழுதித் தரேன்மா" என்றேன்.

அவளுக்காக எழுதத் தொடங்கியதே இப்போது என் எழுத்தின் புதிய வடிவமாகியிருக்கிறது. பொன்னேரியும் மீஞ்சூரும் அமைந்துள்ள ஆரணியாறு, கொசத்தலையாற்றுப் படுகையில் கடல்நீர் உட்புகுவது 1960களின் இறுதியிலிருந்தே பதிவாகியிருக்கிறது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் அளவுமீறி நீரை இறைத்ததே அதற்கு முதற் காரணம். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிகுந்தது. அதனால் கரையோர மண்ணுக்கடியில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் நிற்கின்றன. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்று டச்சுக்காரரான படோன் கைபெனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். நீர் அசையாமல் சமநிலையில் இருக்கும்போது பொருந்தும் கணக்கு இது. ஆயினும் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இது போதும். கிணற்று மட்டம் ஒரே ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்புநீரின் எல்லை 40 மீட்டர் மேலேறி வர இடம் உண்டாகிறது. திரும்பி வரும் மழைநீர் அந்த உப்பை மணலிலிருந்தும் களிமண் அடுக்குகளிலிருந்தும் கழுவி வெளியேற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். இறைப்பது நிற்காவிட்டால் அதுவும் நடக்காது. இதை முன்பு ஆங்கிலத்தில் எழுதியபோது அடர்த்தியிலிருந்து தொடங்கினேன். இப்போது தாத்தாவின் கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். அடர்த்தி மூன்றாம் பத்தியில் வருகிறது.

சென்னையில் நீரைப் பற்றி எழுதுபவருக்கு இந்த நூலகத்தின் இருப்பிடமே ஒரு பாடம். அடையாற்றின் கரையை ஒட்டிய கோட்டூர்புரம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அதே நகரம் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ரயிலில் குடிநீர் தருவித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் ஊர் இந்த இரண்டு நிலைகளுக்கும் நான்கே ஆண்டு இடைவெளியில் ஆளானதை விளக்கப் புகுந்தால், முன்பு சொன்ன நான்கு தளங்களுக்கும் ஏறத்தான் வேண்டும்.

முதல் தளத்தில் உள்ள குழந்தைகள் பிரிவைப் பெற்றோர்கள் தவறவிடக் கூடாது. நடுவே பெரிய செயற்கை மரம் நிற்கிறது. அதைச் சுற்றிப் பிள்ளைகள் தரையிலும் சிறு நாற்காலிகளிலும் உட்கார்ந்து படிக்கிறார்கள். புதிய ஊரில் பள்ளித் தோழர்கள் அமைவதற்கு முன் குழந்தைகள் ஏங்கிப்போகும் வார இறுதிகளுக்கு இது நல்ல போக்கிடம். அருகிலேயே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதனுள் 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் இருப்பதால், காலையில் அங்கும் பிற்பகலில் இங்குமாக ஒரு நாளை அமைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் படப் புத்தகத்தைத் தாய் வாசிக்க, பிள்ளை படத்தில் விரல் வைத்துக் கேள்வி கேட்கும் காட்சியை அங்கே அடிக்கடி காண்கிறேன். எழுதியதை உரக்க வாசித்தால் காதுக்கு எப்படி இருக்கும் என்று சோதிக்கும் பழக்கம் அதைப் பார்த்தே எனக்கு வந்தது.

இந்த நூலகத்திடம் எதிர்பார்க்கக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். இது பொதுநூலகம், ஆய்வு நூலகம் அன்று. அண்மைய ஆய்விதழ்களைப் படிக்க உங்கள் நிறுவனத்தின் சந்தாவைத்தான் நம்ப வேண்டும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தின் வழியே ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் கிடைக்கின்றன. நிறுவனம் எதையும் சாராத வாசகருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய பொதுநூலகங்களின் கணினிகளுக்கும் இந்தச் சந்தாவை நீட்டித்தால், பள்ளி ஆசிரியரும் பத்திரிகையாளரும் ஓய்வுபெற்ற பொறியாளரும் மூலக் கட்டுரையையே படித்துப் பார்க்கலாம். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பழைய நூல்கள் வேண்டுமென்றால் வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொதுநூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய அரிய தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. பழைய தமிழ் இதழ்களில் அறிவியல் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க அதைப் போன்ற இடம் வேறில்லை. ஓலைச்சுவடிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அலைச்சல் இல்லை: அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் கோட்டூர்புரத்துக் கட்டடத்தின் ஏழாம் தளத்திலேயே செயல்படுகிறது.

இவ்வளவும் இன்று நமக்குக் கிடைப்பது தற்செயலன்று. 2011 நவம்பரில் இந்த நூலகத்தை இடம் மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அன்றைய அரசு அறிவித்தபோது, வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்து நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கும் முன்னே போனால், சீர்காழியில் பிறந்து மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானதும், அவரது நெடுநாள் முயற்சியின் பயனாக 1948இல் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியதும் இந்த வரலாற்றின் தொடக்கம். இன்றும் உள்ளாட்சிகள் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்களும் மறைமுகமாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே கூச்சமின்றி உள்ளே போகலாம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வார நாட்களில் முற்பகலில் போனால் விரும்பிய இடத்தில் அமரலாம். தேர்வுக் காலங்களில் தரைத்தளப் பிரிவில் இடம் பிடிக்கச் சீக்கிரம் வர வேண்டும். அரசு விடுமுறை நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிரூட்டப்பட்ட தளங்களில் நெடுநேரம் இருக்கப் போகிறவர்கள் ஒரு சால்வையை எடுத்துக்கொள்வது நல்லது. அறிவியல் படித்தவர்கள் முதல் நாளே நேரே ஐந்தாம் தளத்துக்குப் போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தரைத்தளத்தில் தொடங்கி, குழந்தைகள் பிரிவைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தளத்தில் உங்கள் துறைக்கான தமிழ் அலமாரி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் இருக்கும் நூல்களையும் இல்லாத நூல்களையும் குறித்துக்கொண்டு அதன்பின் மேலே ஏறுங்கள். இல்லாதவற்றின் பட்டியலில் ஒன்றை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பொன்னேரிப் பெண் முதல் இரண்டு இயல்களைப் படித்துவிட்டுப் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கேள்விகளை எழுதித் தந்திருக்கிறாள்.